சட்டைப்பை வாக்கியங்கள்

"முடியாது" என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. ஹைதராபாத் மல்லாபூரில் பித்தளைக் குழாய் செய்யும் ஒரு ஃபேக்டரியில் பதினோரு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் லேத்தில், அவர் ஸ்டோரில். டீக்கடையில் உஸ்மானியா பிஸ்கட் தட்டை நீட்டினால்கூட வேண்டாம் என்று சொல்ல மாட்டார். தலையை லேசாகச் சாய்த்து, "ஐ வில் கீப் தட் இன் மைண்ட்" என்பார். பிஸ்கட்டை மனசில் வைத்துக்கொள்கிறாராம். கடைக்காரர் தட்டோடு அப்படியே நிற்பார், வைத்துவிட்டுப் போவதா எடுத்துக்கொண்டு போவதா என்று தெரியாமல்.

இந்த வாக்கியங்களையெல்லாம் அவர் சட்டைப்பையில் வைத்திருந்தார். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே பையில். சரக்கு அனுப்பும் சீட்டுகளில் கெட்டுப்போனவற்றை எடுத்து, பின்பக்கத்தில் சீட்டுக்கு ஒரு வாக்கியமாக நீல மசியில் எழுதியிருப்பார். மேலே இங்கிலீஷ், கீழே தமிழில் அது எப்போது எடுபடும் என்ற குறிப்பு. 'எதிராளி கையை முறுக்கும்போது.' 'நமக்கு நேரம் வேண்டும்போது.' 'பேச்சை முடிக்கும்போது.' மூன்று கட்டு, மூன்று ரப்பர் பேண்ட். சாப்பாட்டு நேரத்தில் காதில் இயர்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்காருவார். வியாபாரப் பேச்சு எப்படிப் பேசவேண்டும் என்று போனில் ஒரு கோட்டுப் போட்ட ஆள் சொல்லச் சொல்ல, வாயில் சோற்றோடு இவர் உதடு அசையும்.

"கோட்டுப் போட்டவன் சண்டையே போடமாட்டான் மியா," என்பார். "ஏன் தெரியுமா? அவன்கிட்ட வாக்கியம் இருக்கு. நம்மகிட்ட தொண்டைதான் இருக்கு."

அவருடைய அப்பா காட்பாடிப் பக்கத்திலிருந்து லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு வேலைக்கு வந்தவர். இவர் பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான். அதனால் தமிழ் பேசும்போது நடுவில் இந்த ஊர் உருதுவின் மியாவும் நக்கோவும் ஹவ்வும் தாமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். இங்கிலீஷ் பேசும்போது மட்டும் எதுவும் பக்கத்தில் வராது. இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருக்கும்.

நான் திருப்பத்தூர்க்காரன். எட்டாவதோடு படிப்பை விட்டவன். மற்றதெல்லாம் ஆட்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டதுதான். யாராவது எதையாவது அழகாகச் சொல்லிவிட்டால் எனக்கு அது போதும், நாள் முழுக்க வாயில் போட்டுக்கொண்டு திரிவேன். அவருடைய வாக்கியங்கள் அத்தனையும் எனக்கு மனப்பாடம். அர்த்தத்தை அவரிடமே கேட்டுக்கொள்வேன். ஒருநாள் "வீ வில் கெட் பேக் டு யூ" என்றால் என்ன என்று கேட்டேன். திரும்ப உங்களிடம் வந்து சொல்கிறோம் என்றார்.

"எப்போ வந்து சொல்லணும்?"

அவருக்குக் கேள்வியே பிடிபடவில்லை. பிறகு சிரித்தார். "முடியாதுன்னு சொன்னா கதவை அடைச்ச மாதிரி. சண்டைக்கு வருவான். இங்கிலீஷ்ல பாரு, கதவைத் தொறந்து வச்சுக்கினே ஆளை வெளிய நிறுத்தலாம். அவனும் தேங்க்ஸ் சொல்லிட்டுப் போவான்."

நான் அதை ரசித்தேன். வெளியே நிற்கப்போவது யார் என்று யோசிக்கவில்லை.

அவரிடம் எனக்கு நம்பிக்கை வந்தது மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்போனபோது. நாச்சாரத்தில் ஒரு பள்ளி. மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் ஆபீஸ் ஜன்னலிலேயே திருப்பி அனுப்பினார்கள். நாலாவது தடவை அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். பையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டு ஜன்னலுக்குள் குனிந்தார். "ஐ ஆம் ஷ்யூர் வீ கேன் ஃபைண்ட் எ சொல்யூஷன் தட் ஒர்க்ஸ் ஃபார் போத் ஆஃப் அஸ்" என்றார். ரெண்டு பேருக்கும் ஒத்துவருகிற மாதிரி ஒரு வழி கிடைக்காமலா போய்விடும் என்று அர்த்தம். உள்ளே இருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். "கம் இன்சைட் சார்." நாற்காலி போட்டார்கள். எனக்கும் போட்டார்கள். ஹைதராபாத்துக்கு வந்த இத்தனை வருஷத்தில் ஒரு ஆபீஸில் நான் உட்கார்ந்து பேசியது அன்றைக்குத்தான். மகளுக்கு இடம் கிடைத்தது. பின்னால் நான் செய்த தப்புக்கெல்லாம் அந்த நாற்காலிதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

அவருக்கும் ஒரு மகள் இருந்தாள், என் மகளைவிடப் பெரியவள். பன்னிரண்டாவது முடித்து, வேலூரில் நர்ஸிங் படிக்கத் தானே முயன்று இடம் வாங்கியிருந்தாள். தமிழ் புரியும், பதில் ஹிந்தியில்தான் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவர் வீட்டில் இருக்கும்போது வந்து நின்றாள்.

"டாடி, ஹா(ன்) தோ ஹா(ன்) போலோ, நை தோ நை போலோ. கல் லாஸ்ட் டேட் ஹை."

போகலாம் என்றால் போகலாம், இல்லை என்றால் இல்லை. நாளைக்குக் கடைசி நாள். அவர் டீயைச் சாஸரில் ஊற்றி ஊதினார். "லெட் அஸ் வே தி ப்ரோஸ் அண்ட் கான்ஸ்" என்றார். நல்லது கெட்டது ரெண்டையும் தராசில் போட்டுப் பார்ப்போம். திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. தராசு எந்தப் பக்கமும் இறங்கவில்லை. இடம் வேறு யாருக்கோ போய்விட்டது.

"நான் நோ சொல்லலையே மியா," என்று என்னிடம் சொன்னார். "டேட் முடிஞ்சுபோச்சு. அதுக்கு நான் இன்னா பண்ண?"

அந்தப் பெண் அதற்குப் பிறகு அவரிடம் எதையும் கேட்டதில்லை என்று அவர் மனைவி ஒருமுறை சொன்னார். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. பதமான மனுஷர், மகள் மனசு நோக ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதவர் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஃபேக்டரியை ஊருக்கு வெளியே பீபிநகர் தாண்டி ஒரு பொட்டலுக்கு மாற்றப்போகிறார்கள் என்று சேதி வந்தது. முதலாளி பெரிய சேட் உடம்பு சரியில்லாமல் வீட்டோடு இருந்தார். அவர் மகன், நாங்கள் சின்ன சேட் என்போம், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து பொறுப்பை எடுத்துக்கொண்டிருந்தார். யாருக்கும் வேலை போகாது, எல்லாரும் புது இடத்துக்கு வரலாம் என்றார்கள். எங்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: மல்லாபூரிலிருந்து ஒரு கம்பெனி பஸ்.

ஆண்கள் ரெண்டு சக்கர வண்டியில் எப்படியாவது போய்விடுவோம். பேக்கிங்கில் இருந்த ஒன்பது பெண்களுக்குத்தான் வழியில்லை. அவர்களுக்குக் காலை ஏழு மணி ஷிஃப்ட். அரசாங்க பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம், சரி. அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் பஸ்ஸே இல்லையே. ஒன்று அகப்பட்டாலும் நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டுப் போய்விடும், அங்கிருந்து நாலு கிலோமீட்டர் நடை.

அந்த ஒன்பது பேரில் ஒருத்தி என் மனைவி. மூடிய பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தே உள்ளே ஒரு வாஷர் குறைகிறது என்று சொல்லிவிடுவாள். வீட்டில் நான்தான் ஓயாமல் பேசுவேன், அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். பேக்கிங் மேஜையில் அப்படி இல்லை. அங்கே அவள் சரி என்றால்தான் பெட்டி லாரியில் ஏறும்.

அதுவரைக்கும் ஃபேக்டரியில் எது வேண்டுமானாலும் யாதம்மாதான் வாங்கித் தருவாள். பேக்கிங்கில் மூத்தவள். பெண்களுக்குக் கழிப்பறை, கோடைக்கு ஃபேன், ஃபில்டர் தண்ணீர், எல்லாம் அவள் தொண்டையால் வந்தவை. பெரிய சேட் அறைக்கு வெளியே நின்று தெலுங்கில் ஆரம்பிப்பாள். எதிர்வீட்டுக்காரன்வரை எட்டிப்பார்ப்பான். பெரிய சேட் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து, "ஹவ் அம்மா, ஹவ், தேதியா! அப் சுப் ஹோ ஜா" என்பார். கொடுத்துவிட்டேன், வாயை மூடு என்று. அடுத்த வாரம் ஃபேன் சுற்றும்.

இந்தத் தடவை யாதம்மா வேண்டாம் என்று சொன்னது நான்தான். சின்ன சேட் படித்தவர், கத்தினால் கதவைச் சாத்திக்கொள்வார், மரியாதையாக இங்கிலீஷில் பேசினால் நாற்காலி போட்டுக் கேட்பார் என்று எல்லாரையும் கூட்டி வைத்துப் பேசினேன். பள்ளிக்கூடக் கதையை ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள். அவர் சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டார்.

யாதம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சரே அன்னா. நேனு நோரு மூஸ்குண்டா," என்றாள். சரி அண்ணா, நான் வாயை மூடிக்கொள்கிறேன். சொன்னபடி மூடிக்கொண்டாள்.

பத்து நாள் ஒத்திகை. சாப்பாட்டு நேரத்தில் நான் சின்ன சேட்டாக வேஷம் கட்டுவேன். காலை ஆட்டிக்கொண்டு, "நை தேதா பஸ்! க்யா கர்தே?" என்பேன். தரமாட்டேன், என்ன செய்வாய்? அவர் கட்டுக்களைப் புரட்டுவார். மூன்றையும் புரட்டுவார். அதற்கு அவரிடம் சீட்டு இல்லை.

"நக்கோ மியா," என்று எரிச்சல்படுவார். "சேட் அப்படிப் பேசமாட்டாரு. படிச்ச மனுஷன் எங்கயாவது அப்படிப் பேசுவானா? நீ ஒழுங்கா நடி."

அதில் அவர் சொன்னது சரிதான். சின்ன சேட் அப்படிப் பேசவில்லை.

பேச்சுவார்த்தைக்கு அவரும் நானும் போனோம். நாற்காலி போட்டார்கள். பீங்கான் கோப்பையில் டீ வந்தது. சின்ன சேட், "ஐ ரியலி அப்ரிஷியேட் யூ கமிங்" என்றார். இவர், "வீ அப்ரிஷியேட் யுவர் டைம்" என்றார். அவர், "ஐ ஹியர் யூ" என்றார். இவர், "வீ அண்டர்ஸ்டாண்ட் யுவர் பொசிஷன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சின்ன சேட் பேசுவதெல்லாம் எங்கள் சீட்டுகளில் இருந்த வாக்கியங்கள். இது முதல் கட்டு, இது இரண்டாவது கட்டு என்று என்னால் சொல்ல முடிந்தது. அவரும் அந்தக் கோட்டுப் போட்ட ஆளிடம்தான் படித்திருப்பார் போல. இவருக்கோ முகம் பூத்துவிட்டது. வெளியூர் ரயிலில் சொந்த ஊர்க்காரனைப் பார்த்தவர் மாதிரி ஆகிவிட்டார். இந்தப் பக்கமிருந்து ஒன்று, அந்தப் பக்கமிருந்து ஒன்று. பந்து கீழே விழவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குப் பெருமை வேறு.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. பஸ் என்ற சொல் மட்டும் அந்த அறைக்குள் வரவில்லை. "ட்ரான்ஸ்போர்ட் ரிலேட்டட் கன்சர்ன்ஸ்" என்று என்னவோ வந்தது. பொறுக்கமுடியாமல் நான், "சேட், பஸ் கீ பாத்..." என்று பஸ் பேச்சை எடுத்தேன். இவர் மேஜைக்கு அடியில் என் முழங்காலில் கையை வைத்து அழுத்தினார். நிறுத்திக்கொண்டேன். கை அவருடையது, வாய் என்னுடையது, அதை மூடியது நான்தான்.

கடைசியில் சின்ன சேட், "லெட்ஸ் ரீவிசிட் திஸ் ஒன்ஸ் வீ செட்டில் டவுன். மை டோர் இஸ் ஆல்வேஸ் ஓபன்" என்றார். அங்கே போய் நிலைத்த பிறகு பார்ப்போம், என் கதவு எப்போதும் திறந்தே இருக்கும். இவர் எழுந்து கை கொடுத்தார். "தட் சவுண்ட்ஸ் ஃபேர்" என்றார். நியாயமாகத்தான் படுகிறது என்று. ஒன்பது பெண்களின் நியாயத்தை இரண்டு நொடியில் கொடுத்துவிட்டார்.

வெளியே எல்லாரும் காத்திருந்தார்கள். "வெரி பாசிடிவ்," என்றார்.

"பஸ்ஸு ஒஸ்ததா ராதா, சாரு? கதி செப்பு," என்றாள் யாதம்மா. பஸ் வருமா வராதா, அதைச் சொல்லு.

"சேட் டோரு ஓபன் உந்தி யாதம்மா."

"டோரு ஓபன் உண்டே பஸ்ஸு ஒஸ்ததா?" கதவு திறந்திருந்தால் பஸ் வந்துவிடுமா?

எல்லாரும் சிரித்தோம். அவர் மட்டும் சிரிக்கவில்லை. படிக்காதவளைப் பொறுத்துக்கொள்ளும் முகத்தோடு நின்றார்.

பஸ் வரவில்லை. யாதம்மா ஒரு மாதம் பார்த்துவிட்டு வேலையை விட்டு நின்றுவிட்டாள். கத்தியிருக்கலாமே என்று அவளிடம் கேட்டேன். "யாரைப் பார்த்துக் கத்த?" என்று தெலுங்கில் திருப்பிக் கேட்டாள். "யாருமே முடியாதுன்னு சொல்லலையே."

என் மனைவி இரண்டு மாதம் தாக்குப்பிடித்தாள். நாலு மணிக்கு எழுந்து, ஷேர் ஆட்டோ பிடித்து, கிடைத்த வண்டியில் ஏறி, நெடுஞ்சாலை ஓரம் லாரிக் காற்றில் நடந்து. எனக்கு மதியம் ரெண்டு மணி ஷிஃப்ட், வீடு வரப் பதினொன்றாகிவிடும். இருந்தும் சில நாள் விடியற்காலையில் நானே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். நான் தூங்கிவிடக்கூடாதென்று பின்னாலிருந்து என் தோளைத் தட்டிக்கொண்டே வருவாள். ஒருநாள் அப்படியும் கண் செருகி, வண்டி மண்ணில் இறங்கிவிட்டது. ரெண்டு பேருக்கும் சிராய்ப்போடு போயிற்று. அன்றோடு அவள் போவதை நிறுத்திவிட்டாள்.

அவருக்குப் புது ஃபேக்டரியில் ஆபீஸுக்குள்ளேயே மேஜை போட்டுக் கொடுத்தார்கள். எங்களோடு பேசுகிற வேலை. சின்ன சேட்டுக்கு அவர் பேசும் விதம் பிடித்துவிட்டதாம். மேனேஜர் தானே கார் ஓட்டிக்கொண்டு மல்லாபூர் வழியாகத்தான் போவார். முச்சந்தியில் இவரை ஏற்றிக்கொள்வார். இவர் கேட்டு வாங்கிய சலுகை இல்லை அது, அதை நான் சொல்லியாக வேண்டும். வா என்றார்கள். மாட்டேன் என்று சொல்லிப் பழகாதவர், ஏறிக்கொண்டார். என் மனைவி நெடுஞ்சாலையில் நடந்த நாட்களில் அந்தக் கார் அவளைத் தாண்டிப் போகும். முன்சீட்டிலிருந்து கையை உயர்த்துவாராம். "மரியாதையாத்தான் கையைக் காட்டுறாரு," என்பாள்.

அவள் நின்ற பிறகும் கம்பெனிப் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கவில்லை என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். பட்டியலில் இருக்கிறது, பஸ் விஷயம் முடிவானதும் முதல் அழைப்பு அவளுக்குத்தான். தீபாவளிக்கு ஒரு கிலோ இனிப்பு கொண்டுவந்து கொடுத்தார். கெட்ட மனுஷர் என்றால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

ஒரு வருஷம் இப்படியே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் புடவை மாற்றிக்கொண்டு வந்து, "நானே கேக்கறேன், வாங்க," என்றாள். அவர் வீடு மாடியில். தண்ணீர் கொடுத்தார், ஃபேனைப் போட்டார், "உக்காரும்மா தங்கச்சி" என்றார். அவள் உட்காரவில்லை.

"அண்ணா, மேனேஜர் கார்ல பின்னாடி மூணு சீட்டு காலியாத்தானே போகுது? நானும் இன்னும் ரெண்டு பேரும் வர்றோம். பஸ்ஸெல்லாம் வேணாம். நீங்க கேட்டுச் சொல்லுங்க. இல்ல, முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடுங்க."

அவர் டம்ளரை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்தினார். அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"ஐ வுட் நாட் லைக் டு மேக் எ கமிட்மென்ட் அட் திஸ் ஸ்டேஜ்," என்றார்.

அவளும் என்னைப் பார்த்தாள். "என்னங்க சொல்றாரு?"

இந்தச் சமயத்தில் வாக்குக் கொடுக்க விரும்பவில்லை என்று சொல்லியிருக்கலாம். அதுதான் சரியான அர்த்தம். சொன்னால் இன்னொரு வருஷம் காத்திருப்பாள்.

"முடியாதாம்," என்றேன்.

"நான் அப்படிச் சொல்லலையே மியா!" அவர் முகம் சுருங்கிவிட்டது. நடிப்பில்லை, நிஜமாகவே வலித்திருந்தது. "தங்கச்சி, நான் முடியாதுன்னே சொல்லலைம்மா. இவன் தப்பா சொல்றான்."

"பரவால்லண்ணா. வர்றோம்," என்றாள்.

பாதிப் படியில் நின்றாள். "நாச்சாரத்துல மாத்திரை டப்பா பேக் பண்ற கம்பெனி இருக்குல்ல, அங்க மூணு தடவை கூப்பிட்டாங்க," என்றாள். "நடந்து போற தூரம்தான். போன மாசம் வேற ஆளைப் போட்டுட்டாங்க."

எனக்கு இது தெரியாது. "ஏன் போகலை?"

"பஸ் வந்துடும்னு இருந்தேன்."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மேலே பார்த்துக்கொண்டு அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அந்த ஆள் பேச்சை நம்பி ஒரு வருஷம் போயிற்றே என்றேன். நான் முடிக்கும்வரை அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவரு எங்கிட்ட என்ன சொன்னாரு?" என்றாள். "எனக்கென்ன இங்கிலீஷா தெரியும்? மீட்டிங் முடிஞ்ச அன்னிக்கு சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பஸ் வந்துடும், கவலைப்படாதேன்னு சொன்னது நீங்க."